ஒரு டன் எஃகில் 300 கிராம்: நுண்கலப்பு எஃகு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் ஓர் உலோகச் சோதனைக்கூடத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஜேக்கப்ஸ், பைன்டவுன், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து தகடு வரும், கம்பி வரும், முறிந்த துண்டும் வரும். கொண்டுவருகிறவர்கள் கேள்வியோடுதான் வருவார்கள். கோயிலில் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் பாய்லர்மேக்கர் அண்ணன்மாரும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயால் எத்தனை தடவை சொல்வது? எழுதி வைக்கிறேன்.

நுண்கலப்பு எஃகு என்றால் என்ன?

சாதாரணக் கட்டுமான எஃகில் இரும்பு, கொஞ்சம் கார்பன், ஒரு சதவீதத்தை ஒட்டி மாங்கனீஸ், கொஞ்சம் சிலிக்கான் இருக்கும். அதோடு நியோபியம், வனேடியம், டைட்டானியம் ஆகிய மூன்றில் ஒன்றையோ இரண்டையோ மிகச் சிறிய அளவில் சேர்த்தால் அது நுண்கலப்பு எஃகு. துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும். இங்கே கணக்கு அப்படி இல்லை. நியோபியம் பெரும்பாலும் 0.02 முதல் 0.05 சதவீதம். வனேடியம் 0.03 முதல் 0.12 வரை. டைட்டானியம் 0.01, 0.02 என்ற அளவில் போடுவது வழக்கம்.

0.03 சதவீதம் என்றால் ஒரு டன் எஃகுக்கு 300 கிராம். ஒரு டன் தகட்டைத் தூக்கக் கிரேன் வேண்டும். அதற்குள் இருக்கும் நியோபியத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம்.

இத்துணூண்டு சேர்த்தால் வலிமை எப்படிக் கூடும்?

பாலுக்கு உறை ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பானைப் பாலுக்கு ஒரு கரண்டி மோர் போதும். ஆனால் பால் எந்தச் சூட்டில் இருக்கும்போது ஊற்றுகிறோம் என்பது முக்கியம். கொதிக்கும் பாலில் ஊற்றினால் திரிந்துபோகும், ஆறிப்போன பாலில் ஊற்றினால் உறையாது. நுண்கலப்பிலும் அளவைவிட வெப்பநிலைக்கும் நேரத்துக்கும்தான் அதிக வேலை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளே நடப்பதைப் பார்ப்போம். எஃகு ஒரே கட்டியாகத் தெரிந்தாலும் உண்மையில் அது கோடிக்கணக்கான சிறு படிகங்களின் கூட்டம். ஒவ்வொரு படிகத்தையும் 'மணி' என்போம். எஃகு வளையும்போது ஒவ்வொரு மணிக்குள்ளும் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. மொத்த அடுக்கும் ஒரே நேரத்தில் வழுக்குவதில்லை. பாயை இழுக்கும்போது ஒரு சுருக்கம் ஓடுமே, அதுபோல ஒரு கோடு நகர்ந்து போகிறது. அதை டிஸ்லொகேஷன் என்பார்கள். அந்தக் கோடு தடையில்லாமல் ஓடினால் எஃகு மெத்து. வழியில் முட்டுக்கட்டை இருந்தால் எஃகு வலுவானது.

நுண்கலப்புத் தனிமங்கள் இரண்டு விதமான முட்டுக்கட்டை போடுகின்றன.

முதல் விதம், மணிகளைச் சிறிதாக்குவது. ஒரு மணியின் எல்லை வந்ததும் டிஸ்லொகேஷன் நின்றுவிடும், ஏனென்றால் பக்கத்து மணியில் அணு அடுக்குகள் வேறு திசையில் இருக்கும். மணி சிறிதாக இருந்தால் எல்லைகள் அதிகம், தடைகளும் அதிகம். இதை 1951-இல் ஹால் என்பவரும் 1953-இல் பெட்ச் என்பவரும் கணக்காக எழுதினார்கள்: வலிமை, மணி விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் கூடும். எண்ணில் சொன்னால், மணி 20 மைக்ரான் இருக்கும் எஃகில் மணி எல்லைகள் தரும் பங்கு ஏறக்குறைய 120 மெகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு). அதே எஃகில் மணியை 5 மைக்ரானாக்கினால் அந்தப் பங்கு ஏறக்குறைய 245 ஆகும். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) மணியை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்தப் பலன் இரட்டிப்பு.

இரண்டாவது விதம், மணிக்குள்ளேயே மிக நுண்ணிய துகள்களைத் தூவுவது. நியோபியமும் வனேடியமும் கார்பனோடும் நைட்ரஜனோடும் சேர்ந்து கார்பைடு, நைட்ரைடு என்ற கடினமான துகள்களாக வெளிவருகின்றன. இவற்றை வீழ்படிவு என்கிறோம். அளவு சில நானோமீட்டர்தான், சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. டிஸ்லொகேஷன் இவற்றில் முட்டி, வளைந்து சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கும். துகள் சிறிதாகவும் நெருக்கமாகவும் இருந்தால் தடை அதிகம். அதே 300 கிராமைப் பெரிய பெரிய துகள்களாக வெளிவரவிட்டால் வலிமை கிட்டத்தட்ட ஒன்றும் கூடாது.

இரண்டில் எது மேல்?

மணியைச் சிறிதாக்குவதுதான், யோசிக்காமல் சொல்வேன். எஃகில் வலிமையைக் கூட்டும் வழிகள் பல உண்டு. பெரும்பாலானவற்றில் வலிமை கூடக்கூட எஃகு நொறுங்கும் குணத்தை நோக்கிப் போகும். வீழ்படிவிலும் அந்த விலை உண்டு. மணி சிறிதாகும்போது மட்டும் வலிமையும் கூடுகிறது, குளிரில் அடிபட்டாலும் முறியாத குணமும் கூடுகிறது. விரிசல் ஓடுவதற்கும் மணி எல்லைகள் தடைதானே.

டர்பன் வெயிலில் இருப்பவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஹைவெல்ட் மேட்டில் ஜூலை மாத இரவில் உறைநிலைக்குக் கீழே போகும் சுரங்கப் பகுதிகளிலும், கேப் டவுனிலிருந்து அண்டார்டிக்கா போய்வரும் எஸ்.ஏ. அகுலாஸ் 2 போன்ற கப்பலிலும் இது உயிர் காக்கும் குணம்.

நியோபியம் உருட்டாலையில் என்ன செய்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வார்த்த எஃகுப் பாளத்தை முதலில் 1200 டிகிரி வாக்கில் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் எஃகு ஆஸ்டெனைட் என்ற வடிவில் இருக்கும். நியோபியம் அப்போது சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல ஆஸ்டெனைட்டில் கரையவேண்டும். கரையாமல் நின்றுவிட்ட நியோபியம் பின்னால் பெரிதாக ஒன்றுக்கும் உதவாது. கரையும் சூடு கார்பனைப் பொறுத்தது. கார்பன் 0.08 சதவீதமும் நியோபியம் 0.03 சதவீதமும் இருந்தால் 1120 டிகிரி அளவில் கரைந்துவிடும். அதே நியோபியம், கார்பன் 0.20 என்றால் 1240 வரை போகவேண்டும். நல்ல நுண்கலப்பு எஃகில் கார்பனைக் குறைத்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் உருளைகளுக்கு இடையே பாளம் போகிறது. ஒவ்வொரு முறை நசுங்கும்போதும் மணிகள் தட்டையாகும். 1050 டிகிரிக்கு மேலே இருக்கும்வரை, நசுங்கிய மணிகள் சில நொடிகளில் புதிய மணிகளாக மறுபடி பிறந்துவிடும். இது மறுபடிகமாதல். நியோபியம் இல்லாத எஃகில் சூடு நன்றாக இறங்கிய பின்னும் இது நடந்துகொண்டே இருக்கும், உருளை கொடுத்த நசுக்கலின் தடம் ஒவ்வொரு தடவையும் அழிந்துவிடும்.

நியோபியம் இருந்தால் கதை மாறுகிறது. சூடு 1000 டிகிரியை ஒட்டி இறங்கும்போது, கரைந்திருக்கும் நியோபிய அணுக்கள் மணி எல்லைகளைப் பிடித்து இழுத்து மெதுவாக்குகின்றன. நசுங்கிய இடங்களில் நியோபியம் கார்பைடு நுண்துகள்களாக வெளிவந்து, நகரப் பார்க்கும் எல்லைகளை ஆணி அடித்ததுபோல நிறுத்துகிறது. மறுபடிகமாதல் நின்றுவிடும். அதற்குப் பிறகு 900, 850 என்று இறங்கும் சூட்டில் உருட்ட உருட்ட மணிகள் தோசைபோலத் தட்டையாகிக்கொண்டே போகும், திரும்ப உருண்டையாகாது. தட்டையான மணிக்கு மேற்பரப்பு அதிகம். உள்ளேயும் நசுங்கிய பட்டைகள் நிறைய.

கடைசியில் தண்ணீர் தெளித்து ஆற்றும்போது ஆஸ்டெனைட், குறைந்த சூட்டில் எஃகு எடுக்கும் வடிவமான ஃபெரைட்டாக மாறுகிறது. ஃபெரைட் மணிகள் அந்த எல்லைகளிலும் பட்டைகளிலும் முளைக்கும். நேட்டாலில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த குடும்பத்தாருக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்: பாகு காய்ச்சும் பாத்திரத்தில் விதைச் சர்க்கரை அதிகம் போட்டால் மணி சிறிதாக விழும், குறைவாகப் போட்டால் பெரிதாக விழும். இங்கேயும் அதேதான். முளைக்க இடம் ஆயிரமாயிரம் இருப்பதால் எந்த ஒரு மணிக்கும் பெரிதாக வளர வழி இல்லை. 5 மைக்ரான் மணி இப்படித்தான் கிடைக்கிறது.

இந்த வேலையில் உருட்டாலைக்காரர் நடுவில் பாளத்தைச் சும்மா நிறுத்தி, சூடு இறங்கக் காத்திருப்பார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வேலை நடக்காததுபோலத் தெரியும். அந்தக் காத்திருப்பில்தான் எஃகின் தரம் தீர்மானமாகிறது.

இது எப்போது தொடங்கியது?

நியோபியம் 1801-இல் கண்டுபிடிக்கப்பட்டது. நுண்கலப்பாக எஃகில் வணிக அளவில் பயன்பட்டது 1958-இல், அமெரிக்காவின் கிரேட் லேக்ஸ் எஃகு நிறுவனத்தில். பிரேசிலின் அராஷா ஊரில் பெரிய நியோபியக் கனிமப் படிவம் கிடைத்த பிறகு விலை கட்டுப்படியாகி, எண்ணெய்க் குழாய், பாலம், கப்பல் என்று பரவியது. வனேடியம் அதற்கும் மூத்தது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரிலேயே வனேடிய எஃகு உண்டு.

வனேடியம் வேறு மாதிரியா வேலை செய்கிறது?

ஆமாம். நியோபியம் உருட்டும்போது உழைக்கிறது, வனேடியம் பெரும்பாலும் உருட்டி முடித்த பிறகு. குறைந்த கார்பன் எஃகில் வனேடியம் கார்பைடு 1000 டிகிரிக்குக் கீழேயே கரைந்துவிடும், அதனால் உருட்டும் நேரம் முழுக்க அது கரைந்தே இருக்கும். எஃகு ஆறி ஆஸ்டெனைட்டிலிருந்து ஃபெரைட்டாக மாறும் தருணத்தில், நகரும் எல்லையின் பின்னால் வரிசை வரிசையாகத் துகள்களை விட்டுச்செல்கிறது. மின்னணு நுண்ணோக்கியில் அது நாற்று நட்ட வயல்போலவே இருக்கும். வலிமையில் பெரும் பங்கு இந்த வீழ்படிவிலிருந்து வருகிறது.

நைட்ரஜன் கூட இருந்தால் வனேடியத்துக்கு வேகம் கூடும். பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கும் ஆலைகளில் எஃகில் நைட்ரஜன் இயல்பாகவே அதிகம். மற்ற இடங்களில் தொந்தரவாக இருக்கும் நைட்ரஜன், வனேடிய எஃகில் கூலி இல்லாமல் வேலை செய்கிறது.

இன்னொரு நல்ல பயன், அடித்து உருவாக்கும் பாகங்கள். கார் எஞ்சினின் கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட் போன்றவற்றை முன்பெல்லாம் அடித்த பிறகு மறுபடி சூடாக்கி, எண்ணெயில் முக்கி, மறுபடி பதப்படுத்துவார்கள். 38எம்என்விஎஸ்6 போன்ற வனேடிய எஃகில் அடித்தபின் காற்றில் ஒழுங்காக ஆறவிட்டாலே போதும். ஓர் உலை மிச்சம், எரிபொருள் மிச்சம்.

வனேடியம் தென்னாப்பிரிக்காவில் கிடைக்கிறதாமே?

உலகத்திலேயே முக்கியமான படிவங்களில் ஒன்று இங்கேதான். நாட்டின் வடக்கே புஷ்வெல்ட் என்ற பாறை அமைப்பில் மேக்னடைட் இரும்புத்தாது அடுக்குகள் இருக்கின்றன. அவற்றில் வனேடியம் ஆக்சைடு ஒன்றரை சதவீத அளவில் கலந்திருக்கிறது. ரூசெனகால் பக்கத்து மாபோக்ஸ் சுரங்கத்திலிருந்து தாது வெட்டி, விட்பேங்கில் (இப்போது எமலஹ்லேனி) ஹைவெல்ட் ஆலையில் உருக்கினார்கள். உருகிய இரும்பைக் கலனோடு குலுக்கி ஆக்சிஜன் ஊதினால், வனேடியம் முதலில் ஆக்சைடாகிக் கசடில் சேர்ந்துவிடும். கசடு ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், இரண்டும் விற்பனைக்கு. அந்த ஆலை 2015-இல் வணிக மீட்பு நடைமுறைக்குள் போய், எஃகு உருக்குவது நின்றது. எனக்கு அது இன்னும் வருத்தம்தான். கசட்டை இவ்வளவு மதிப்புள்ளதாகப் பார்த்த ஆலைகள் உலகில் குறைவு.

வனேடியத்தின் விலை கம்பித் தொழிலோடு ஏறி இறங்கும். 2018-இல் சீனா தன் கட்டுமானக் கம்பித் தரத்தைக் கடுமையாக்கியபோது வனேடியம் விலை எகிறியது, அப்புறம் சறுக்கியது. எங்கோ ஷாங்காயில் ஒரு வீட்டுத் தூணில் போகும் கம்பிக்கும் பிரிட்ஸ் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளியின் வேலைக்கும் நேர் தொடர்பு உண்டு.

டைட்டானியமும் நம் நாட்டில் உண்டு. டர்பனுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பேயில் கடற்கரை மணல்மேடுகளிலிருந்து இல்மனைட் எடுக்கிறார்கள். அதில் பெரும்பகுதி வெள்ளைப் பெயின்டுக்கான நிறமியாகப் போகிறது, எஃகுக்குப் போவது கொஞ்சம்.

டைட்டானியத்தின் வேலை என்ன?

காவல் வேலை. டைட்டானியம் நைட்ரைடு மிக அதிகச் சூட்டிலேயே உருவாகிவிடும், 1250 டிகிரியிலும் கரையாது. பாளத்தைச் சூடாக்கும்போது ஆஸ்டெனைட் மணிகள் வீங்காமல் பிடித்து வைப்பது இதுதான். பற்றவைக்கும்போது உருகிய கோட்டுக்குப் பக்கத்தில் மணிகள் வீங்காமல் காப்பதும் இதுதான்.

ஆனால் அளவு தப்பக் கூடாது. நைட்ரஜனுக்கு 3.42 மடங்கு டைட்டானியம் என்பது வேதிக் கணக்கு. நைட்ரஜன் 0.005 சதவீதம் என்றால் டைட்டானியம் 0.017. கவனமான ஆலைகள் இதற்குச் சற்றுக் கீழேயே நிறுத்தும். கூடிப்போனால் நைட்ரைடு திரவ எஃகிலேயே பெரிய பெரிய கட்டங்களாக வளர்ந்துவிடும். மெருகேற்றிய மாதிரியைச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்தால், சாம்பல் பின்னணியில் ஆரஞ்சு நிறத்தில் கூர்மூலைச் சதுரங்களாக அவை பளிச்சென்று தெரியும். பார்க்க அழகு, எஃகுக்குக் கேடு. விரிசல் அந்த மூலைகளில்தான் பிறக்கும்.

மூன்றையும் நிறையப் போட்டால் மூன்று மடங்கு வலிமை வருமா?

வராது. கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் மூன்றும் போட்டி போடும். டைட்டானியம் முதலில் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டால் வனேடியத்துக்கு மிஞ்சுவது குறைவு. நியோபியம் கூடினால் இன்னொரு தொல்லை: தொடர்வார்ப்பில் (உருகிய எஃகை நிற்காமல் பாளமாக வார்க்கும் முறை) பாளத்தை நிமிர்த்தும் 700 முதல் 900 டிகிரி வரையிலான சூட்டில் எஃகு இழுபடும் குணம் குறைந்து, விளிம்பில் குறுக்கு விரிசல் விழும். குளிர்நிலையில் மடக்குவதற்கான ஐரோப்பியத் தகட்டுத் தரத்தில் மூன்றும் சேர்ந்து 0.22 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றே இருக்கிறது.

இந்தப் பாடெல்லாம் எதற்கு? கார்பனைக் கூட்டினால் மலிவாக வலிமை கிடைக்காதா?

கிடைக்கும், பற்றவைக்க முடியாது. கார்பன் கூடினால் வெல்டிங் ஓரம் கடினமாகி விரிசல் விடும். பட்டறையில் கார்பன் சமானம் என்று ஒரு கணக்குப் போடுவோம்: கார்பனை அப்படியே எடுத்து, மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம், மாலிப்டினம், வனேடியத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிக்கல், செம்பில் பதினைந்தில் ஒரு பங்கு என்று கூட்டுவது. 0.05 சதவீதம் வனேடியம் இதில் வெறும் 0.01 கூட்டும். நியோபியத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அதே வலிமையைக் கார்பனால் எடுக்கப் பார்த்தால் சமானம் எகிறிவிடும்.

வலுவான எஃகைப் போட்டால் உத்தரம் குறைவாகத் தொய்யுமா?

தொய்வில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. இந்தத் தப்பெண்ணத்தை நான் மாதம் ஒருமுறையாவது திருத்துகிறேன். விறைப்பு என்பது வேறு, வலிமை என்பது வேறு. விறைப்பைக் காட்டும் எண்ணான மீள்தன்மைக் குணகம் எல்லா எஃகுக்கும் ஏறக்குறைய 200 முதல் 210 கிகாபாஸ்கல்தான். மணி சிறியதோ பெரியதோ, நியோபியம் உண்டோ இல்லையோ, அது மாறாது. வலிமை கூடியதை நம்பித் தகட்டை மெலிதாக்கினால் தொய்வு கூடத்தான் செய்யும்.

இதேபோல, திரும்பத் திரும்ப ஆடும் சுமையில் வெல்டிங் ஓரத்தில் விழும் களைப்பு விரிசலுக்கும் எஃகின் வலிமை பெரிதாக உதவாது. அங்கே வெல்டிங்கின் வடிவமும் சுத்தமும்தான் பேசும்.

சூடாக்கி வளைக்கலாமா? நிமிர்த்தலாமா?

இந்தக் கேள்வி வரும்போது ஒரு துண்டுத் தகட்டை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டுவேன்.

டொங்காட் பக்கம் கரும்பு ஏற்றும் லாரி ஒன்றின் சேஸி, விபத்தில் வளைந்துவிட்டது. ஒரு பட்டறையில் காஸ் விளக்கால் செக்கச் செவேலென்று சூடாக்கி, ஜாக்கி வைத்து நிமிர்த்திக் கொடுத்தார்கள். பார்க்க நேராகத்தான் இருந்தது. அடுத்த கரும்புப் பருவத்தில் முழுச் சுமை ஏறியதும் அதே இடத்தில் மறுபடி தொய்ந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அந்தத் துண்டை வெட்டி எங்களிடம் கொண்டுவந்தார் லாரிக்காரர். "தம்பி, கம்பெனித் தகடுதானே? போலி போட்டு ஏமாத்திட்டாங்களா, பார்த்துச் சொல்லு" என்றார்.

வேதிச் சோதனையில் ஒரு குறையும் இல்லை. கார்பன், மாங்கனீஸ், நியோபியம் எல்லாம் இருக்கவேண்டிய அளவில் இருந்தன. சூடு படாத ஓரத்திலிருந்து ஒரு மாதிரியும், சூடு பட்ட நடுவிலிருந்து ஒரு மாதிரியும் எடுத்து, கண்ணாடிபோல மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் கலந்த சாராயத்தில் சில நொடி நனைத்தோம். பளபளப்பு மங்கிப் பால்நிறம் படர்ந்ததும் கழுவி நுண்ணோக்கியில் வைத்தோம். ஓரத்து மாதிரியில் மணிகள் ரவைபோல நெருங்கிக் கிடந்தன. நடுவில் எடுத்ததில் சோளக் குருணை, நம் வீட்டு மீலி ரைஸ் போலப் பெரிது பெரிதாக. கடினமானியின் வைர முனை பதித்த சதுரம் ஓரத்தில் சிறிதாக இருந்தது, நடுவில் பெரிதாக இருந்தது. லாரிக்காரரைக் கூப்பிட்டுக் கண்ணாடி வழியாக அவரையே பார்க்கச் சொன்னேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே தகடா?" என்றார். ஒரே தகடுதான்.

ஆலையில் டிகிரி டிகிரியாக இறக்கி, உருளையில் நசுக்கி, காத்திருந்து கட்டிய மணி அமைப்பு அது. விளக்குச் சூட்டில் பத்து நிமிடத்தில் கரைந்துபோயிற்று. மறுபடி ஆறும்போது உருளையும் இல்லை, ஒழுங்கான தண்ணீர்த் தெளிப்பும் இல்லை. நியோபியத் துகள்களும் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிட்டன. தனிமம் எங்கும் போகவில்லை, அதன் வேலைதான் போய்விட்டது.

வெப்ப இயந்திர முறையில், அதாவது மேலே சொன்னபடி சூட்டை இறக்கி இறக்கி உருட்டிய தகட்டை 580 டிகிரிக்கு மேல் சூடாக்கினாலோ நீண்ட நேரம் சூட்டில் வைத்தாலோ வலிமை குறையலாம் என்று ஐரோப்பியத் தரமே எச்சரிக்கிறது. எஃகு இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்கும்போதே அந்த எல்லைக்கு வந்துவிட்டீர்கள். லாரி சேஸி, கிரேன் கை, டிரெய்லர் உத்தரம் இவற்றைக் குளிர்நிலையிலேயே வளைக்க வேண்டும், வளைவு ஆரத்தைத் தகட்டுக்காரர் சொன்ன அளவுக்குக் குறைக்காமல். அது முடியாவிட்டால் துண்டை மாற்றுங்கள். வடிவம் கொடுக்க வெப்பம் கட்டாயம் வேண்டும் என்றால், இயல்பாக்கிய (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்ட) வகை எஃகை முதலிலேயே வாங்குங்கள். அது அந்தச் சூட்டைத் தாங்கும்படி தயாரானது.

பற்றவைக்கும்போது கவனிக்க வேண்டியது?

கார்பன் குறைவு என்பதால் இந்த எஃகு பற்றவைக்க எளிது. நாட்டில் பொதுவாகப் புழங்கும் எஸ்355ஜேஆர் தகட்டுக்கு உலர்ந்த 7018 வெல்டிங் ராடு போதும். ராடை அடுப்பில் உலர்த்தி வையுங்கள், டர்பன் காற்றின் ஈரம் சும்மா விடாது. ஒரே இடத்தில் ஊஞ்சலாட்டி அகலமாகப் போடாமல், மெல்லிய ஓட்டங்களாகப் போடுங்கள். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவே சூட்டை 250 டிகிரிக்குள் வையுங்கள். உருகிய கோட்டை ஒட்டிய இழையில் நியோபியமும் வனேடியமும் கரைந்துவிடும், டைட்டானியம் நைட்ரைடு மட்டும் நின்று மணிகளைப் பிடிக்கும். சூடு அதிக நேரம் நின்றால் அதுவும் கை விட்டுவிடும்.

சான்றிதழில் நியோபியம் 0.03 என்றிருந்தால் நம்பி வாங்கலாமா?

அந்த வரியை மட்டும் நம்பாதீர்கள். அது உறைமோர் ஊற்றினார்கள் என்பதற்குச் சாட்சி, தயிர் எப்படி உறைந்தது என்பதற்கு அல்ல. அதே தாளில் இழுவைச் சோதனை எண்களையும் தாக்குச் சோதனை எண்களையும் பாருங்கள். தயாரித்த முறையைக் குறிக்கும் எழுத்தையும் பாருங்கள்: எம் என்றால் வெப்ப இயந்திர முறை, என் என்றால் இயல்பாக்கியது. பெயரில் ஜேஆர் என்றால் 20 டிகிரியில் தாக்குச் சோதனை, ஜே2 என்றால் மைனஸ் 20-இல்.

வீட்டுக் கம்பியில் வனேடியம் உண்டா?

சிலவற்றில் உண்டு. 450 மெகாபாஸ்கல் கம்பிக்கு இரண்டு வழி: ஒன்று, உருட்டியதும் தண்ணீரில் மேல்தோலைக் கடினமாக்குவது. இரண்டு, வனேடியம் சேர்த்து ஆறவிடுவது. கம்பியைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, அமிலம் தடவினால் முதல் வகையில் வளையம் தெரியும், இரண்டாம் வகையில் முழுக்க ஒரே நிறம்.

காவடிக்கு ரதம் செய்கிறோம். நுண்கலப்பு எஃகு வாங்கவேண்டுமா?

வேண்டாம் அண்ணே. ரதத்தின் அடிச்சட்டத்துக்கு ஆட்டம்தான் பிரச்சினை, அது விறைப்பு சம்பந்தப்பட்டது. சாதாரணத் தகட்டில் ஆழமான சட்டமாகச் செய்யுங்கள். மிச்சப்படும் பணத்தில் அச்சையும் பிரேக்கையும் நல்லதாகப் போடுங்கள். மவுன்ட் எட்ஜ்கம்ப் பக்கத்து மேட்டில் இழுத்துப் பார்த்தவருக்கு பிரேக்கின் அருமை தெரியும்.

நம் முன்னோர்களின் உருக்கில் வனேடியம் இருந்ததாமே, உண்மையா?

உண்மை, ஆனால் சொல்லப்படும் விதத்தில் கொஞ்சம் மிகை கலந்திருக்கிறது. தென்னிந்தியாவில் மூடிய களிமண் மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணம்) உருக்கிய எஃகை மேற்கே 'வூட்ஸ்' என்றார்கள். தமிழ்நாட்டில் கொடுமணலில் அகழ்ந்த உலைகள் அந்தத் தொழிலின் பழமைக்குச் சாட்சி. டமாஸ்கஸ் வாள்களில் தெரியும் நீரலைக் கோலம் ஏன் வருகிறது என்று அமெரிக்காவில் ஜான் வெர்ஹோவனும் ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்ற கத்திக் கொல்லரும் 1990-களில் சேர்ந்து ஆராய்ந்தார்கள். தாதுவோடு வந்த வனேடியம் மிகச் சொற்ப அளவில் இருந்தாலே, அடித்து நீட்டும்போது கார்பைடுகள் வரிசையாக அடுக்கிக்கொள்கின்றன என்று கண்டார்கள்.

அது இன்றைய நுண்கலப்பு முறை அல்ல. அந்த எஃகில் கார்பன் ஒன்றரை சதவீதம் அளவில் இருக்கும், பற்றவைக்கும் தகட்டைவிடப் பல மடங்கு. மணியைச் சிறிதாக்குவது அங்கே நோக்கமும் இல்லை. ஆனால் ஒன்று ஒத்துப்போகிறது. வனேடியம் இருந்தால் மட்டும் கோலம் வராது. கொல்லர் சரியான சூட்டுக்கு ஏற்றி, அடித்து, ஆறவிட்டு, மறுபடி ஏற்றி என்று பல தடவை செய்தால்தான் வரும். சூடு மிஞ்சினால் கோலம் அழிந்துவிடும்.

இந்த மணிகளை நானே பார்க்க முடியுமா?

தாராளமாக. விரல் நகம் அளவு துண்டு போதும், ரம்பத்தால் வெட்டுங்கள். அரவைச் சக்கரம் வேண்டாம், அந்தச் சூடே மேல்தோலைக் கெடுத்துவிடும். எந்தத் தகடு, எந்தப் பக்கம் உருட்டிய திசை என்று மார்க்கரால் எழுதிக்கொண்டு வாருங்கள். மெருகேற்ற அரை மணி நேரம் ஆகும். டீ போட்டுத் தருகிறேன், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.